நீரிழிவும் யோகமும்: ஆசனம் எவ்வளவு உதவும், ஒழுக்கம் எவ்வளவு உதவும்?

ஜூன் 21 அனைத்துலக யோகா தினம். நவம்பர் 14 உலக நீரிழிவு நாள். இந்த இரண்டு தேதிகளை ஒட்டி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரிக் காணொளிகள் சுற்ற ஆரம்பிக்கும். இந்த ஆசனத்தைச் செய்தால் கணையம் விழித்துக்கொள்ளும், மாத்திரையைத் தூக்கி எறியலாம் என்று ஒருவர் அடித்துச் சொல்வார். அதைக் கேட்டுவிட்டுப் பலதுறை மருந்தகத்துக்குப் போனால், "யோகா நல்லதுதான், மருந்தை மட்டும் நிறுத்தாதீங்க" என்று ஒரே வரியில் பேச்சு முடிந்துவிடும். ஏன் நல்லது, எந்த அளவுக்கு நல்லது, யாருக்கு ஆகாது என்பதை யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை.

சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இது பொழுதுபோக்குக் கேள்வி அல்ல. 2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், 18 முதல் 69 வயது வரையிலானோரில் 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் சீனர்களிடையே 9.7, மலாய்க்காரர்களிடையே 16.6, இந்தியர்களிடையே 17.2 விழுக்காடு. சுகாதார அமைச்சு 2016ல் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்ததற்குப் பின்னால் இத்தகைய கணக்குகள்தான் இருந்தன.

இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான்: யோகத்தில் நீரிழிவுக்காரருக்கு அதிகம் பயன்படுவது உடலை வளைக்கும் பகுதி அல்ல. அதற்கு முன்னால் வருகிற, பெரும்பாலான வகுப்புகள் தாண்டிச் சென்றுவிடும் ஒழுக்கப் பகுதிதான். அதைப் பார்ப்பதற்கு முன் சர்க்கரை எப்படி ஏறுகிறது என்பதைப் பார்த்துவிடலாம்.

சர்க்கரை ஏறும் வழிகள்

முதல் வகை நீரிழிவில், இன்சுலினைச் சுரக்கும் கணைய அணுக்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிறது. இன்சுலின் ஊசி இல்லாமல் அவர்களால் உயிர் வாழ முடியாது. எந்த ஆசனமும் இதை மாற்றாது. இதில் பேச வேறொன்றும் இல்லை.

நம்மில் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை. இதில் நான்கு விஷயங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன.

1. இன்சுலின் இருந்தும் உடல் அதற்குச் சரியாகக் கீழ்ப்படிவதில்லை. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு இதற்கு முக்கியக் காரணம். ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே இந்தச் சிக்கல் தொடங்கிவிடுவதால், சிங்கப்பூரில் உடல் எடைக் குறியீடு 23ஐத் தொட்டாலே ஆபத்து கூடுவதாகக் கணக்கு.

2. கல்லீரல் தன்னிடமுள்ள சர்க்கரையைத் தேவையில்லாத நேரத்திலும் இரத்தத்தில் விடுகிறது. இரவு எட்டு மணிக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாதவருக்குக் காலையில் சர்க்கரை கூடுதலாக இருப்பதற்கு இதுவே காரணம். விடியற்காலையில் சுரக்கும் ஹார்மோன்கள் கல்லீரலை இன்னும் தூண்டிவிடுகின்றன.

3. தசைகள் சும்மா இருக்கின்றன. சாப்பிட்டபின் இன்சுலின் உதவியோடு உள்ளே எடுக்கப்படும் சர்க்கரையில் பெரும்பங்கு தசைகளுக்குத்தான் போகிறது. தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் இல்லாமலேகூட அது சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். உட்கார்ந்தே இருப்பவருக்கு இந்த வசதி வீணாகிறது.

4. மன அழுத்தமும் தூக்கமின்மையும். அட்ரினலின், கார்ட்டிசால் ஆகிய ஹார்மோன்கள் ஏறும்போது கல்லீரல் சர்க்கரையை வெளியிடும், இன்சுலினின் வேகமும் குறையும். பன்னிரண்டு மணி நேரம் இரவுப் பணி பார்க்கும் பாதுகாவலருக்கும், மாறி மாறி ஷிப்ட் பார்க்கும் தொழிற்சாலை ஊழியருக்கும், உணவில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் சர்க்கரை பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

காலப்போக்கில் கணையமும் களைத்துவிடும் என்பது உண்மை. ஆனால் தொடக்கக் கட்டத்தில் அது வழக்கத்தைவிட அதிகமாகவே இன்சுலினைச் சுரந்துகொண்டிருக்கும். அதைப் போய் 'விழிக்கச் செய்வதாக'ச் சொல்லும் காணொளிகள் நோய் எங்கே இருக்கிறது என்பதையே தவறவிடுகின்றன.

இரண்டு அளவுகோல்கள், ஒரு ரிப்போர்ட்

எண்களில் வரும் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இருக்கும் அப்பா தொலைபேசியில் "எனக்கு 180" என்பார். இங்கே மகனுக்குக் கருவி 10 என்று காட்டும். இரண்டும் ஒன்றுதான். இந்தியாவில் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளக்கிறார்கள். சிங்கப்பூரில் ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிமோல். இங்குள்ள எண்ணை 18ஆல் பெருக்கினால் அங்குள்ள எண் கிடைத்துவிடும். வெறும் வயிற்றில் 7.0 அல்லது அதற்கு மேல், அதாவது 126, வந்தால் அது நீரிழிவு வரம்பு. 4.0க்குக் கீழே போனால் தாழ்நிலைச் சர்க்கரை. இது உடனே கவனிக்க வேண்டிய ஒன்று.

விரல் நுனியில் குத்திப் பார்ப்பது அந்த நிமிடத்தின் நிலவரம். ஹெச்பிஏ1சி என்னும் பரிசோதனை ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. இரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அத்தனை நாளும் அதில் ஒட்டிச் சேர்ந்த சர்க்கரையைத்தான் இது அளக்கிறது.

எட்டில் இரண்டை மட்டும் படிக்கிறோம்

பதஞ்சலியின் யோக சூத்திரம் எட்டு அங்கங்களைச் சொல்கிறது. தமிழில் திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அதே எட்டை வைத்துத்தான் பேசுகிறார்: இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி. சமூக மன்றத்தில் பாய் விரித்து நாம் செய்வது மூன்றாவதும், கொஞ்சம் நான்காவதும். முதல் இரண்டும் வகுப்பில் வருவதே இல்லை. வந்தாலும் ஒரு சுலோகத்தோடு முடிந்துவிடும்.

இயமம் என்பது தவிர்க்க வேண்டியவற்றைப் பற்றியது. பதஞ்சலியின் பட்டியலில் அகிம்சை, சத்தியம், திருடாமை, புலனடக்கம், தேவைக்கு மேல் சேர்க்காமை என ஐந்து. நியமம் என்பது கடைப்பிடிக்க வேண்டியவை: தூய்மை, மனநிறைவு, தவம், தன்னைத் தானே படித்தல், இறைவனிடம் ஒப்படைத்தல். பத்தையும் இழுத்துப் பிடித்து நீரிழிவோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை. அப்படிச் செய்யும் புத்தகங்கள் பாதியில் கதைவிட ஆரம்பித்துவிடும். நான்கைந்து மட்டும் நேரடியாகப் பொருந்துகின்றன.

சத்தியம்: இரத்தப் பரிசோதனைக்கு முந்தைய வாரம்

பரிசோதனைத் தேதி நெருங்கினால் பல வீடுகளில் ஒரு நாடகம் நடக்கும். தேநீரில் சர்க்கரை நிற்கும், சோறு பாதியாகும், இரவில் கஞ்சி. நான்கு நாள் இப்படி இருந்துவிட்டு, வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்தால் காலை எண் அழகாக வரும். கிளம்பி நேராகப் பிராட்டா கடைக்குப் போவார்கள்.

ஹெச்பிஏ1சியிடம் இந்த வேலை நடக்காது. கடைசி ஒரு மாதத்துக்கு அதில் கூடுதல் எடை உண்டு என்றாலும் நான்கு நாளில் அது பெரிதாக மாறாது. காலை எண் 6.5, ஹெச்பிஏ1சி 8.9 விழுக்காடு என்று வந்தால், மருத்துவர் யோசிப்பது சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏற்றத்தைப் பற்றி. நோயாளி உண்மையைச் சொல்லாவிட்டால் அவர் மருந்தைக் கூட்டுவார். கூட்டிய மருந்தோடு அடுத்த முறை நான்கு நாள் பட்டினி கிடந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். பொய்யின் செலவு இப்படித்தான் திரும்பி வருகிறது.

'தன்னைத் தானே படித்தல்' என்பதும் இதனோடு சேர்ந்ததே. அந்தக் காலத்தில் அது நூல் ஓதுவதைக் குறித்தது. நீரிழிவுக்காரருக்கு அது ஒரு சின்ன நோட்டு. சாப்பிடுவதற்கு முன் ஓர் எண், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஓர் எண், நடுவில் என்ன சாப்பிட்டோம் என்று ஒரு வரி. ஒரு வாரம் இப்படி எழுதினால், இட்லி தனக்கு எவ்வளவு ஏற்றுகிறது, சப்பாத்தி எவ்வளவு ஏற்றுகிறது என்பது தெரிந்துவிடும். ஒருவருக்கு ஏற்றுவது இன்னொருவருக்கு அதே அளவு ஏற்றுவதில்லை. ஆகவே அடுத்த வீட்டு அக்கா சொல்லும் பட்டியலைவிட இந்த நோட்டு மேல்.

எண் கூடிவிட்ட நாளில் நோட்டை எழுதாமல் விடுவதுதான் பெரும்பாலோர் சறுக்கும் இடம். நோட்டு மதிப்பெண் அட்டை அல்ல. 13 என்று வந்தால் 13 என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். மனநிறைவு என்ற நியமத்துக்கு இங்கே நடைமுறைப் பொருள் இருக்கிறது. எண்ணைப் பார்த்துத் தன்னையே திட்டிக்கொள்பவர் இரண்டு நாளில் அளப்பதையே நிறுத்திவிடுவார்.

அகிம்சையும் தவமும் மோதும் இடம்

சிங்கப்பூரில் இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக வருவது தைப்பூசத்திலும் தீமிதியிலும். தைப்பூசத்தில் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை வெறுங்காலோடு மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறார்கள். அதற்கு முன் பல நாள் விரதம். தீமிதியில் சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் பூக்குழி.

நீண்ட நாள் நீரிழிவு இருப்பவர்கள் பலருக்குப் பாத நரம்புகள் மரத்திருக்கும். கண்ணாடிச் சில்லு குத்தினாலும், தார்ச்சாலை சுட்டாலும் தெரியாது. மாலையில் சாக்ஸில் ரத்தக் கறை பார்த்துத்தான் காயம் இருப்பதே தெரியவரும். இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் அந்தக் காயம் ஆறாமல் கிருமி ஏறி, விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலைக்குப் போகலாம்.

தவம் நியமங்களில் ஒன்று. அகிம்சையோ இயமங்களில் முதலாவது. மற்ற இயம நியமங்கள் எல்லாம் அகிம்சையை வேராகக் கொண்டவை என்பதே பழைய உரைகாரர்களின் விளக்கம். அதன்படி தன் உடலைப் புண்ணாக்கும் விரதம் யோகத்தின் கணக்கில் தவமாகாது. பால்குடத்தைக் குறைந்த தூரம் எடுப்பது, கோயிலில் சேவை செய்வது, பாதப் பரிசோதனை செய்துகொண்டு மருத்துவர் ஒப்புக்கொண்டால் மட்டும் நடப்பது என்று வழிகள் இருக்கின்றன. பெரியவர்களிடம் இதைப் பேசுவது சுலபமில்லை. "முருகன் பார்த்துப்பான்" என்று பதில் வரும். பார்த்துக்கொள்வான், சரி; காலையும் நாம் கொஞ்சம் பார்த்துக்கொள்ளலாம்.

விரதத்துக்கும் இதே நியாயம்தான். கிளிபிசைட், கிளிக்கிளசைட் போன்ற, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரை எடுப்பவரோ இன்சுலின் போடுபவரோ, அளவைச் சரிசெய்யாமல் சஷ்டி விரதம் இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை மருந்துகளோடு தண்ணீரும் குடிக்காமல் விரதம் இருப்பது வேறு வகை ஆபத்து. இரத்தத்தில் அமிலம் ஏறக்கூடும். விரதத்துக்கு ஓரிரு வாரம் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

மிதமான உணவு: பழைய நூலில் இருப்பதும் நம் தட்டில் இருப்பதும்

பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹட யோக பிரதீபிகை, வயிற்றில் கால் பங்கைக் காலியாக விட்டு உண்பதை மிதாகாரம் என்கிறது. யோகா வகுப்புகளில் இதை விரும்பிச் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது என்னவென்றால், யோகிக்கு உகந்த உணவாக அதே நூல் அரிசி, கோதுமை, பால், நெய், வெண்ணெய், கற்கண்டு, தேன் என்று அடுக்குகிறது! குகையில் தனியாகத் தவமிருந்த ஒல்லியான துறவிக்கு அது சரியாக இருந்திருக்கலாம். ஈசூனில் நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பட்டியல் ஆகாது. எடுத்துக்கொள்ள வேண்டியது அளவுக் கொள்கையை. பழைய நூலில் இருக்கிறது என்பதற்காகத் தேனையும் பனங்கற்கண்டையும் 'இயற்கைச் சர்க்கரை' என்று சேர்த்துக்கொண்டால் இரத்தத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இங்கே தட்டைவிடக் கோப்பைதான் முதல் எதிரி. தே தாரிக் என்னும் இழுத்து ஆற்றிய தேநீரில் சேர்வது இனிப்பூட்டிய கெட்டிப்பால். 'தே ஓ' என்றாலும் சர்க்கரை உண்டு. 'தே சி' என்றால் இனிப்பில்லாப் பால், ஆனால் சர்க்கரை தனியாக விழும். 'கோசோங்' என்று கூடச் சொன்னால்தான் சர்க்கரை வராது. ஒரு நாளைக்கு மூன்று கோப்பை குடிப்பவர் இந்த ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டாலே, ஒரு மணி நேர ஆசன வகுப்பைவிட அதிகம் சாதித்துவிடுவார். ஒரேயடியாக விட முடியாதவருக்கு நடுவில் 'சியூ தாய்', அதாவது சர்க்கரை குறைவாக, இருக்கிறது. 'நியூட்ரி-கிரேட்' என்னும் ஏ, பி, சி, டி தரக்குறியீடும் உதவும். 2022 டிசம்பர் 30 முதல் அது பொட்டலப் பானங்களுக்கு வந்தது. ஓராண்டு கழித்து, கடையில் கலக்கித் தரும் பானங்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் அது டி. சிறிய கடைகளுக்கு விலக்கு இருப்பதால் எல்லாப் பலகையிலும் அந்த எழுத்து இருக்காது.

தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு புரதம், கால் பங்கு முழுதானியச் சோறு என்பது சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் அளவு. வாழையிலைச் சாப்பாட்டில் இது தலைகீழாக இருக்கும். சோற்றைக் குறைத்து, பொரியலை இன்னொரு முறை கேட்டு வாங்குவது எளிய திருத்தம்.

ஆசனம் என்ன செய்யும், என்ன செய்யாது

அர்த்த மத்ஸ்யேந்திராசனம், தனுராசனம் போன்றவை வயிற்றை முறுக்கி அழுத்துவதால் கணையம் தூண்டப்பட்டு இன்சுலின் சுரக்கும் என்பது பரவலான நம்பிக்கை. கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகுப்பக்கமாக ஆழத்தில் கிடக்கும் உறுப்பு. அதை அமுக்கினால் இன்சுலின் கூடும் என்பதற்கு நல்ல சான்று இல்லை.

ஆசனம் உதவுவது வேறு வழிகளில். நின்று செய்யும் ஆசனங்கள் தொடை, இடுப்புத் தசைகளை வேலை வாங்குகின்றன. சமநிலை கூடுகிறது, வயதானவர் விழாமல் இருக்க இது முக்கியம். மெதுவான மூச்சும் சவாசனமும் மன அழுத்தத்தைத் தணிக்கின்றன, இரத்த அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கின்றன, தூக்கத்துக்கு உதவுகின்றன. மேலே சொன்ன நான்கு வழிகளில் மூன்றாவதையும் நான்காவதையும் இவை தொடுகின்றன. வழக்கமான சிகிச்சையோடு யோகாவையும் சேர்த்துக்கொண்டவர்களுக்கு ஹெச்பிஏ1சி ஓரளவு இறங்குவதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சிறிய ஆய்வுகள், குறுகிய காலத்தவை.

வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, இரண்டு மூன்று நாள் தசைப் பயிற்சி, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து அசைதல் என்பது நீரிழிவுக்கான பொதுவான மருத்துவ அறிவுரை. மூச்சு சற்று வாங்கும்படி தொடர்ந்து செய்யும் சூரிய நமஸ்காரத்தை இந்த 150ல் சேர்க்கலாம். கண்ணை மூடிப் படுத்திருக்கும் நேரத்தைச் சேர்க்க முடியாது. ஆகவே மென்மையான யோகா மட்டும் போதாது. சாப்பிட்டதும் புளோக்கைச் சுற்றிப் பத்து, பதினைந்து நிமிடம் நடப்பதையும் சேர்க்க வேண்டும். உடற்பயிற்சியால் இன்சுலினுக்குக் கிடைக்கும் கூடுதல் வேகம் ஓரிரு நாளில் மங்கிவிடும். எனவே ஞாயிறு மட்டும் இரண்டு மணி நேரம் செய்வதைவிட, இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வது நல்லது.

யாருக்கு எது ஆகாது

1. விழித்திரை பாதிப்பு முற்றியவர்கள்: சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம் எனத் தலை கீழாகப் போகும் எதுவும் வேண்டாம். மூச்சை அடக்கும் கும்பகம், வேகமாக வீசும் கபாலபாதி, பஸ்த்ரிகா ஆகியவையும் கண்ணிலும் வயிற்றிலும் அழுத்தத்தைக் கூட்டும். பலதுறை மருந்தகங்களில் விழித்திரையைப் படம் எடுக்கும் பரிசோதனை இருக்கிறது. அதன் முடிவு தெரியாமல் இவற்றைத் தொடங்க வேண்டாம்.

2. பாதம் மரத்தவர்கள்: வஜ்ராசனத்தில் நெடுநேரம் உட்கார்ந்தால் அழுத்தம் தெரியாமல் புண் வரலாம். நாற்காலி யோகா நல்லது. வகுப்பு முடிந்ததும் விரல் இடுக்குவரை பாதத்தைப் பார்க்க வேண்டும்.

3. இன்சுலின் அல்லது சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரை எடுப்பவர்கள்: தொடங்கும் முன் அளந்து பாருங்கள். 5.0க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் வந்தால் "பயிற்சிக் களைப்பு" என்று நினைத்துச் சவாசனத்தில் படுத்துவிடக் கூடாது. உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்தோ, அரைக் கோப்பைப் பழச்சாறோ குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். படுத்திருப்பவரைத் தூங்குகிறார் என்று விட்டுவிடாதபடி, பயிற்றுநரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

4. இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள்: குனிந்து நிமிரும்போதும் படுத்து எழும்போதும் தலை சுற்றலாம். பக்கவாட்டில் திரும்பி, சற்று உட்கார்ந்து, அப்புறம் எழுங்கள்.

சூடேற்றிய அறையில் செய்யும் யோகா நீரிழிவுக்காரர்களுக்குப் பொதுவாக ஏற்றதல்ல. உடலில் நீர் வற்றும். பையில் வைத்த இன்சுலினும் கெட்டுப்போகும்.

மாத்திரை எப்போது குறையும்?

சர்க்கரை நோய் முழுக்கப் போகும் என்று சொல்வதற்கும் தணிந்திருக்கும் என்று சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. சர்க்கரையைக் குறைக்கும் மருந்தே இல்லாமல், குறைந்தது மூன்று மாதத்துக்கு ஹெச்பிஏ1சி 6.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அதைத் தணிந்த நிலை என்று 2021ல் அனைத்துலக வல்லுநர் குழு வரையறுத்தது. திரும்பி வர வாய்ப்பு இருப்பதால் பரிசோதனைகளை நிறுத்தக் கூடாது.

அது நடக்கும் என்பதற்கு மிகத் தெளிவான சான்று பிரிட்டனில் நடந்து, 2017ல் முடிவுகள் வெளியான ஓர் ஆய்வு. நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்த இரண்டாம் வகையினருக்கு, மருத்துவக் கண்காணிப்பில் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்தார்கள். ஓராண்டில் 46 விழுக்காட்டினருக்குத் தணிந்தது. 15 கிலோ அல்லது அதற்கு மேல் இளைத்தவர்களில் அது 86 விழுக்காடு. அங்கே வேலை செய்தது எடைக் குறைப்பு. யோகா ஒருவருக்கு உணவில் நிதானத்தைத் தந்து எடையைக் குறைக்க வைத்தால், அந்த வழியாக அவரும் இதே பக்கம் நகரலாம். பாயில் செய்த முறுக்குகளால் மட்டும் அல்ல.

ஆகவே யோகா தொடங்கும்போது மருத்துவரிடம் கேட்க வேண்டியவை மூன்று: என் மருந்துகளில் எது சர்க்கரையை ரொம்ப இறக்கக்கூடியது, கண், பாதப் பரிசோதனைகளில் என்ன வந்தது, எந்த எண்ணுக்குக் கீழே தொடர்ந்து வந்தால் நான் உங்களைக் கூப்பிட வேண்டும். ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேர்ந்தவர்களுக்குக் குடும்ப மருத்துவர் போடும் சுகாதாரத் திட்டத்திலேயே இவற்றை எழுதி வாங்கிக்கொள்ளலாம். இரண்டு வாரம் தொடர்ந்து காலை எண் 5க்கும் கீழே வந்துகொண்டிருந்தால், மாத்திரையை நீங்களாகப் பாதியாக உடைக்காமல் நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அளவைக் குறைப்பது அவர் கையெழுத்தில் நடக்கட்டும்.